1849ஆம் ஆண்டும் ஜேர்மனியப் பாடகியர் இருவரும்

பெரும் பாடகியரின் வாழ்க்கை வரலாறுகள் பெரும்பாலும் குரலின் வரலாறுகளாகவே எழுதப்பட்டு வந்துள்ளன. அக்குரலுக்கு ஊதியம் அளித்தவர் யார், அதனை மௌனமாக்கும் அதிகாரம் எவரிடம் இருந்தது ஆகிய வினாக்கள் அவற்றில் அரிதாகவே எழுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜேர்மனிய இசைநாடக அரங்கில் 'சொப்ரானோ' எனப்படும் உச்சக்குரற் பாடகியராய்ப் புகழ்பெற்ற இருவரை இவ்வினாக்களோடு அணுக முயல்வோம்.

1815இல் அமைந்த ஜேர்மனியக் கூட்டிணைப்பில் ஏறத்தாழ 39 அரசுகள் இருந்தன. அரசவைகள் பலவும் தத்தமக்கென அரங்குகளைப் பேணின. நாட்டின் அரசியற் சிதறலே பாடகியருக்கு வேலைவாய்ப்பாக அமைந்தது எனலாம். ஆயின், அவ்வமைப்பே அவர்களை அரசவையின் ஊழியராகவும் வைத்திருந்தது.

ஹென்றியெற்றா சொன்டாக் 1806இல் கொப்ளென்சில் நடிகர் குடும்பமொன்றிற் பிறந்தவர். 1824 மே 7இல் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பனி வியன்னாவில் முதன்முதல் அரங்கேறியபோது அதன் சொப்ரானோப் பகுதியைப் பாடியவர் பதினெட்டு வயதினரான இவரே. பின்னர் பேர்லினும் பாரிசும் இவரைக் கொண்டாடின. சார்டினிய அரசின் இராசதந்திரியான றொசிப் பிரபுவை மணந்ததும் நிலைமை மாறியது. பிரசிய மன்னர் இவருக்கு உயர்குடிப் பட்டம் வழங்கினார். 1830இல் இவர் மேடையை விட்டு விலகினார். பிரபுவின் மனைவி கூலிக்குப் பாடுதல் தகாது என்பதே அக்கால உயர்குடி நெறி. வரவேற்பறைகளில் ஊதியமின்றிப் பாடினால் அஃது இழுக்கன்று! உழைப்பை விற்பதே இழிவெனக் கொள்ளப்பட்டமை இதனாற் புலனாகும்.

வில்ஹெல்மீனா ஷ்ரோடர்-டெவ்ரியென்ற் 1804இல் ஹம்பேர்க்கிற் பிறந்தார். தாயார் சோபி ஷ்ரோடர் துன்பியல் நடிப்பிற் பெயர்பெற்றவர். 1822இல், பதினெட்டு வயது நிரம்பும் முன்னரே, பீத்தோவனின் 'பிடேலியோ'வில் மகள் வியன்னாவைக் கவர்ந்தார். அரசியற் சிறைக்கைதியான கணவனை ஆணுடையில் வந்து மீட்கும் பெண்ணின் கதை அது. நெருக்கடிக் கட்டத்தில் ஒரு சொல்லை இவர் பாடாது பேசியே விட்டமையை வாக்னர் வியந்து எழுதியுள்ளார். 1829இல் லைப்சிக்கில் இவரை அவ்வேடத்திற் கண்டதாகவும் அவர் கூறுகின்றார். அக்கூற்றை ஆய்வாளர் ஐயுறுவர். ஐயத்துக்கு இடமற்றது பிறிதொன்று: டிரெஸ்டென் அரசவை அரங்கில் 'றியென்சி' (1842), 'பறக்கும் டச்சுக்காரன்' (1843), 'ரான்ஹொய்சர்' (1845) ஆகிய வாக்னரின் மூன்று நாடகங்களிலும் முதன்முதல் நடித்தவர் இவரே. இவரது குரற்பயிற்சி குறைபாடுடையது என விமர்சகர் பலர் கூறினர். அது உண்மையாகவே இருக்கலாம். அழகிய ஒலியைக் காட்டிலும் பாத்திரத்தின் மெய்ம்மையை முதன்மைப்படுத்திய புதிய நடிப்புமுறையை அவ்வளவுகோலால் மட்டும் மதிப்பிடுதல் போதாது என்பது எமது கருத்து.

இருவரின் வாழ்வும் 1849இல் திரும்புகின்றது. முந்திய ஆண்டின் கிளர்ச்சிகள் ஐரோப்பிய அரசவைகளை உலுக்கின; றொசி குடும்பத்தின் செல்வமும் குன்றியது. பத்தொன்பது ஆண்டுகளின் பின்னர், நாற்பத்துமூன்று வயதில், சொன்டாக் இலண்டன் மேடையில் மீண்டும் தோன்றினார். பிரபுத்துவம் தடுத்த தொழிலை, அப்பிரபுத்துவத்தின் நெருக்கடியே அவருக்கு மீட்டளித்தது. 1852இல் அமெரிக்கா சென்றார். 1854 யூனில் மெக்சிக்கோ நகரில் வாந்திபேதிக்கு இரையானார்.

அதே 1849 மே மாதத்தில் டிரெஸ்டென் கிளர்ந்தெழுந்தது. வாக்னர் தப்பியோடினார். முன்னரே மேடையிலிருந்து ஓய்வுபெற்றிருந்த ஷ்ரோடர்-டெவ்ரியென்ற், கிளர்ச்சியாளர் பக்கம் நின்றமைக்காக சக்சனி அரசின் விசாரணைக்கு உள்ளானார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த அரசவைக்குப் பாடிய குரல் அது. 1860இல் கோபேர்க்கில் காலமானார்.

1871இல் ஜேர்மனி ஒன்றிணைந்த பின்னரும் இவ்வுறவு உடனே மறையவில்லை. பேர்லின் அரசவை அரங்கின் பாடகி லில்லி லேமான் 1885இல் நியூயோர்க் சென்று, அனுமதித்த விடுப்பைக் கடந்தும் அங்கேயே பாடினார். ஒப்பந்தத்தை முறித்தமைக்காக ஜேர்மனிய அரங்குகள் அவருக்குக் கதவடைத்தன. பேரரசரின் தலையீட்டின் பின்னரே அவை மீண்டும் திறந்தன.