விசேடம்: மிஞ்சி நிற்கும் வேறுபாடு

ஒரு பொருளைப் பிறிதொன்றாகாமல் அதுவாகவே நிறுத்துவது எதுவோ, அதற்கு வைசேடிகர் இட்ட பெயர் விசேடம். கணாதரின் வைசேடிக தரிசனம் தன் பெயரையே இச்சொல்லிலிருந்து பெற்றது. எஞ்சுதலைக் குறிக்கும் ‘சிஷ்’ என்னும் வடமொழி வேரிலிருந்து மீதி எனப் பொருள்படும் ‘சேஷம்’ பிறந்தது போலவே, ‘வி’ என்னும் முன்னொட்டுச் சேர்ந்து ‘விசேஷம்’ பிறந்தது ஆதலின், பொதுவாயுள்ளவை யாவும் கழிந்தபின் மிஞ்சும் வேறுபாடே அதன் அடிக்கருத்து எனலாம். மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில் வைசேடிகவாதி எண்ணும் ஆறு பொருள்வகைகளுள் இதுவும் ஒன்று. பிரிக்கவொண்ணா இணைப்பாகிய சமவாயத்தைக் ‘கூட்டம்’ என்று தமிழாக்கிய அந்நூலாசிரியர் சாத்தனார், விசேடத்தை வடசொல்லாகவே வைத்துக்கொண்டார்.

ஒன்றை அதுவாகவே நிறுத்துவது எது என்று இச்சொல் எழுப்பும் வினா பழவேற்காட்டு ஏரியோரத்தில் தெளிவாக விளங்கும். அவ்வட்டாரத்துக் காட்டூரைப் பெயரால் மட்டும் பிரித்தறிய இயலாது. திருச்சிராப்பள்ளியிலும் கோயம்புத்தூரிலும் திருவாரூருக்கு அருகிலும் காட்டூர்கள் உள்ளன. ஏரியில் கழி நட்டு வலை கட்டும் இடத்தை மீனவர் ‘பாடு’ என்பர். எந்தப் பாடு எவருக்கு என்பதைச் சில குப்பங்களில் குலுக்கலாலும் முறைவைத்தும் தீர்த்துக்கொள்வர். முகத்துவாரம் வழியே கடல் ஏறும்போது உப்புக் கரித்தும், மழைக்காலத்தில் ஆரணியாறு பெருகும்போது நன்னீர் கலந்தும் நீர் மாறிக்கொண்டேயிருக்க, இறாலும் மீனும் வந்து போக, பாடு மட்டும் அதே பாடாக நிற்கிறது; ஆழமும் அடிமண்ணும் அண்டைப் பாடுகளும் அதை இன்னதென்று காட்டிக்கொடுக்கின்றன.

வைசேடிகர் இங்கு விசேடத்தைத் துணைக்கு அழைப்பதில்லை. ஊர், பாடு, குடம் போன்ற உறுப்புடைய பொருள்களை அவற்றின் உறுப்பு வேறுபாடே பிரித்துவிடும். உறுப்பற்ற அணுவுக்கு வரும்போதுதான் வழி அடைபடுகிறது. குணத்தால் முற்றும் ஒத்த இரண்டு நீரணுக்களை இரண்டாக்குவது எது? அணு, ஆன்மா, மனம் முதலிய அழிவற்ற பொருள் ஒவ்வொன்றிலும் தனித்தனி விசேடம் உண்டு என்றும், அதனாலேயே யோகியர் ஓரணுவை வேறிடத்தில் வேறு காலத்தில் கண்டும் ‘அதுவே இது’ என அறிவர் என்றும் வைசேடிக உரையாசிரியர் பிரசத்தபாதர் விடை கூறினார். இடைக்கால ஐரோப்பாவில் டன்ஸ் ஸ்கோட்டஸ் ‘இதுவாந்தன்மை’யை மண்ணுலகத் தனிப்பொருள் ஒவ்வொன்றுக்கும் விரித்தார்; வைசேடிகரோ வேறு வழியில்லாத இடத்தில் மட்டும் விசேடத்தை ஏற்றனர். இந்தச் சிக்கனமே அக்கொள்கையின் பெருமை.

தமிழ் வழக்கிலோ சொல் வேறு திசையில் நடந்தது. ‘வீட்டில் விசேஷம்’ என்றால் சடங்கு, ‘என்ன விசேஷம்?’ என்றால் செய்தி. ஏனைய இடங்களில் உயர்வு. மரத்தைப் பொதுப்பெயர் என்றும் வேம்பைச் சிறப்புப்பெயர் என்றும் கூறும் இலக்கண வழக்கில் மட்டும், மேன்மை கலவாத பழைய கருத்து தங்கியிருக்கிறது. ஓரணுவின் விசேடம் மற்றொன்றினதைவிட உயர்ந்ததன்று, வேறானது மட்டுமே. அப்பொருள் பேச்சிலிருந்து நழுவியது பேரிழப்பு.

விசேடங்களை ஒன்றினின்று ஒன்று பிரிப்பது எது என்ற வினாவுக்கு, விளக்கைக் காட்ட மற்றொரு விளக்கு வேண்டாதவாறு அவை தம்மைத் தாமே வேறுபடுத்திக்கொள்ளும் என்றார் பிரசத்தபாதர். அவ்வாற்றலை அணுவுக்கே கொடுத்துவிடலாமே, இடையில் விசேடம் எதற்கு என்று 16ஆம் நூற்றாண்டில் நவத்வீபத்துத் தருக்க அறிஞர் இரகுநாத சிரோமணி மறுத்தது வலுவான தடை. ஆயினும் 17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் தம் தருக்க சங்கிரகத்தின் ஏழு பதார்த்தங்களுள் அதை விடாது வைத்தார்; 1785இல் மறைந்த திருவாவடுதுறைச் சிவஞான முனிவர் அந்நூலைத் தமிழாக்கியதால், தமிழில் தருக்கம் கற்போர் விசேடத்தை அதன் பழைய பொருளிலேயே பயில முடிந்தது.