கண்ணாடியில் மலர்ந்த குலத்தொழில்

கைவினைத் தொழில்களின் வரலாற்றை ஆராய்வோர், அவற்றுட் பல தனித்தனிக் குடும்பங்களின் வரலாறாகவே அமைந்திருத்தலைக் காண்பர். தந்தை பழகிய கருவி மைந்தன் கைக்கு மாறுகின்றது. ஏட்டில் எழுதப்படாத நுட்பம் கண்ணாற் கண்டும் கையாற் பழகியும் கற்கப்படுகின்றது. இம்முறையின் பெருமையையும், அதனுள் மறைந்து கிடக்கும் இடரையும் ஒருங்கே உணர்த்துவது பிளாஸ்கா குடும்பத்தின் கண்ணாடித்தொழில் வரலாறாகும்.

லெயோபோல்ட் பிளாஸ்கா 1822ஆம் ஆண்டில், பொகீமியா நாட்டின் வடபாகத்துச் செஸ்கி டூப் என்னும் ஊரிற் பிறந்தார். அவ்வூர் இன்று செக் குடியரசைச் சேர்ந்தது. கண்ணாடி அணிகலன்களும் செயற்கைக் கண்களும் செய்தலே அவர் தொழில். 1850இல் மனைவியையும் அடுத்து 1852இல் தந்தையையும் இழந்த அவர், மனத்துயர் ஆறுமாறு 1853இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். காற்றின்றிக் கப்பல் நடுக்கடலில் அசைவற்று நின்ற நாட்களில், நீரில் ஒளிவீசி மிதந்த சொறிமுட்டை முதலிய உயிர்களை அவர் கூர்ந்து நோக்கி வரைந்துகொண்டார். துயர் தீர்க்கச் சென்ற பயணமே பிற்காலத் தொழிலுக்கு வித்தாயிற்று.

பின்னர் அவர் ஜேர்மனியிலுள்ள டிரெஸ்டென் நகரிற் குடியேறினார். சொறிமுட்டை, கடற்சாமந்தி போன்ற மெல்லுடல் உயிர்களை மதுசாரத்தில் இட்டுவைப்பின் நிறமும் வடிவும் கெடும். ஆதலால் 1863இல் அந்நகர் நூதனசாலையின் தலைவர் ரைக்கன்பாக், கண்ணாடியாலான கடற்சாமந்திகளைச் செய்து தருமாறு வேண்டினார். அன்றுதொட்டு அணிகலத் தொழில் அறிவியலுக்குத் துணையாயிற்று. விலைப்பட்டியல் அச்சிட்டு, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலுமுள்ள நூதனசாலைகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் அவர் உருக்களை விற்றார். 1857இற் பிறந்த மைந்தர் ருடோல்ப், 1876 அளவில் தந்தையோடு தொழிலில் இணைந்தார்.

இவர்களுடைய கருவிகள் மிக எளியன. காலால் மிதிக்கும் துருத்தியினால் விளக்குச் சுடரை ஊதிப் பெருக்கி, அதில் கண்ணாடிக் கோல்களையும் குழல்களையும் இளக்கி, இடுக்கி முதலியவற்றால் உருவாக்குவர். மெல்லிய உறுப்புகளைக் கம்பியாலும் பசையாலும் பொருத்தி வண்ணந் தீட்டுவர். மறைபொருளான பொறி எதுவுமில்லை. தலைமுறைகளாகத் திரண்ட கைந்நுட்பமே தம் முதலென லெயோபோல்ட் கருதினார்.

ஹாவாட் பல்கலைக்கழகத்துத் தாவரவியற் பேராசிரியர் ஜோர்ஜ் லிங்கன் குடேல், 1886இல் இவர்களை நாடி வந்தார். உலர்ந்த செடிகளும் மெழுகுருக்களும் கற்பித்தலுக்குப் போதாமையே அதற்குக் காரணம். தயங்கிய தந்தையும் மைந்தரும் மாதிரிகளாகச் சில மலர்களை அனுப்பினர். நியூயோர்க் சுங்கச் சோதனையில் அவை உடைந்தன. எனினும் உடைந்த துண்டுகளே அவற்றின் அருமையைப் புலப்படுத்தின. எலிசபெத் வேர் அம்மையாரும் அவர்தம் மகள் மேரி லீ வேரும் பொருளுதவி புரிந்தனர். 1890இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, ஆண்டொன்றுக்கு 8,800 மார்க் ஊதியம் பெற்று, ஹாவாட்டுக்கு மட்டுமே இருவரும் உழைத்தனர்.

1895இல், ருடோல்ப் அமெரிக்காவிற் செடிகளை ஆராய்ந்துகொண்டிருந்த வேளையில், லெயோபோல்ட் காலமானார். அதன்பின் நாற்பதாண்டுகளுக்கு மேலாக ருடோல்ப் தனித்தே பணியாற்றினார். கடையிற் கிடைத்த கண்ணாடி தரம் குன்றியதெனக் கண்டு, தாமே கண்ணாடி உருக்கவும் கற்றுக்கொண்டார். நோயுற்ற கனிகளையும் இலைகளையும்கூடக் கண்ணாடியில் வடித்தார். 1936இற் பணி நிறைவெய்தியபோது, 780 இனங்களைச் சார்ந்த ஏறத்தாழ 4,300 உருக்கள் உருவாகியிருந்தன.

ருடோல்புக்கு மக்கட்பேறு இல்லை. மாணாக்கர் எவரையும் அவர் பயிற்றவுமில்லை. 1939இல் அவர் மறைந்தபோது, அக்குடும்பத்தின் கலையும் உடன் மறைந்தது. கண்ணாடி மலர்கள் இன்றும் ஹாவாட்டில் வாடாதிருக்கின்றன. அவற்றை அவ்வாறே படைக்கும் கை இல்லை. தாவரவியல் மாணவர் தலைமுறை தலைமுறையாகக் கற்பதற்கென உழைத்த ஒருவர், தம் தொழிலைக் கற்க ஒரு மாணவனையும் பெற்றிலர். குருதிவழி வரும் கல்வி ஆழமுடையது. ஆயினும் ஓர் உயிரோடு அற்றுப்போகக் கூடியது. மாணாக்கர்வழி வரும் கல்வியே நெடிது வாழும். கற்போரும் கற்பிப்போரும் இவ்வரலாற்றினின்று கொள்ளத்தக்க உண்மை இதுவேயாகும்.