நீராவிக்கு ஒதுக்கிய நான்கு கேலன்

பீரின் வரலாறு என்றாலே எல்லோரும் எகிப்து, பாபிலோன் என்று ஆரம்பித்துவிடுவார்கள். இந்தக் கதை ஆரம்பிப்பது இங்கிலாந்தில், ஒரு ஏழை வீட்டுக் கொப்பரையில்.

வில்லியம் காபெட் என்று ஒரு பத்திரிகையாளர். 1820-களின் தொடக்கத்தில் 'காட்டேஜ் எகானமி' என்று ஒரு புத்தகம் எழுதினார். கூலித் தொழிலாளிகள் டீ குடித்துக் காசைக் கரைக்காமல் வீட்டிலேயே பீர் காய்ச்ச வேண்டும் என்பது அவர் கட்சி. (டீ பிரியர்கள் மன்னிக்க!) அதற்கு என்னென்ன சாமான் வேண்டும் என்றும் பட்டியல் போட்டார். காய்ச்சப்போவது 36 கேலன்தான். ஆனால் கொப்பரை 40 கேலனாவது பிடிக்க வேண்டும் என்கிறார். மீதி இடம் எதற்கு? ஹாப்ஸ் பூவுக்கும், ஆவியாகப் போகிற தண்ணீருக்கும்!

ஆவியாகப் போவது சும்மா போவதில்லை. முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் வருகிற இனிப்புச் சாறுதான் வோர்ட். அதை ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரமாவது கொதிக்க விடுவார்கள். ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர சுமார் 335 கிலோஜூல் போதும். அதே லிட்டர் முழுக்க ஆவியாக இன்னும் 2257 கிலோஜூல் வேண்டும். 40 கேலனில் 4 கேலன் ஆவியானால், அதற்கு மட்டும் ஆகும் வெப்பம், மொத்தத்தையும் கொதிக்கவைத்த வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு. எல்லாம் விறகுக் காசு.

இதே நூற்றாண்டில் பெரிய ஆலைகள் கொப்பரைக்கு மேல் கவிகை மூடி வைத்து, அதற்கு மேல் ஒரு தொட்டியும் கட்டின. ஆவி குழாய் வழியாகத் தொட்டிக்குப் போய், அடுத்த ஈடுக்கான தண்ணீரைச் சூடாக்கியது. குடிசைக்காரன் அடுத்த ஈடு போடுவதற்கோ பல வாரம் ஆகும். சேமித்த சூட்டை வைத்து அவன் என்ன செய்வான்? காபெட் திட்டியது 1697-இல் வந்த மால்ட் வரியை. அது நியாயம்தான். ஆனால் வரி இல்லாவிட்டாலும் இந்தக் கணக்கில் ஆலைதான் ஜெயித்திருக்கும்.

1880-இல் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை எடுத்தார், பதிலுக்கு வோர்ட்டின் அடர்த்தியைப் பார்த்து வரி போட்டார். வீட்டில் காய்ச்சவும் லைசென்ஸ் வந்தது. அது போனது 1963-இல். அமெரிக்காவில் 1978-இல் கார்ட்டர் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுப் பீர் திரும்பி வந்தது, கூடவே ஆவியும். இந்தத் தடவை சமையலறைச் சுவரெல்லாம் ஈரம். மூடிவிடலாமே என்றால் அதிலும் சிக்கல். வெளிர் மால்ட் கொதிக்கும்போது டைமெத்தில் சல்பைடு உண்டாகிக்கொண்டே இருக்கும்; அவித்த மக்காச்சோள வாடை. அது ஆவியோடு வெளியே போக வேண்டும். மூடினால் மூடியில் குளிர்ந்து, சொட்டுச் சொட்டாகப் பாத்திரத்துக்கே திரும்பிவிடும்.

இப்போது சிலர் மூடியின் பக்கவாட்டில் ஒரு குழாய் வைத்து, அதற்குள் குளிர்ந்த நீரைப் பீய்ச்சுகிறார்கள். ஆவி அங்கேயே நீராகி வாளிக்குப் போகிறது, வாடையும் அதோடு போகிறது, சுவர் நனைவதில்லை. வாளித் தண்ணீர் நல்ல சூடாக இருக்கும். பாத்திரம் கழுவ ஆகும்.