மதனப்பள்ளியில் போட்ட ஊசி

நம் தலைமுறையில் பலருக்கு இடது தோளில் ஒரு சின்னத் தழும்பு இருக்கும். பி.சி.ஜி. ஊசியின் அடையாளம். அமெரிக்காவில் அந்த ஊசியை எல்லோருக்கும் போடும் வழக்கம் என்றுமே இருந்ததில்லை. நமக்கு மட்டும் ஏன் என்று தேடினால் கதை சித்தூர்ப் பக்கம் போகிறது.

அன்றைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம். அங்கே மிஷன்காரர்கள் நடத்திய காசநோய் சானடோரியம் தென்னிந்தியா முழுக்கப் பிரசித்தம். மருந்து இல்லாத காலத்தில் நல்ல காற்றும் ஓய்வும் சாப்பாடும்தான் வைத்தியம். 1948-ல் இந்தியாவில் முதன்முதலாக பி.சி.ஜி. போட்ட இடங்களில் மதனப்பள்ளியும் ஒன்று. அதே ஆண்டு கிண்டியில் அதைத் தயாரிக்கும் ஆய்வுக்கூடமும் வந்தது.

எதிர்ப்பும் வந்தது. 1955-ல் ராஜாஜியே கடுமையாக எதிர்த்து எழுதினார். அவரைப் பழமைவாதி என்று சொல்லி ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் ஊசி நம்மூரில் நிஜமாகவே வேலை செய்கிறதா என்ற கேள்வி நியாயமானதுதானே?

மதனப்பள்ளி கிராமங்களில் 1950-லிருந்தே அதைச் சோதித்து வந்தார்கள். 1968-ல் அதைவிடப் பெரிய சோதனை செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கியது. சென்னையிலிருந்து திருப்பதிக்கு பஸ்ஸில் போனவர்களுக்குத் திருவள்ளூர் தெரியும், அந்தச் சுற்றுவட்டாரம்தான். 2.5 லட்சம் பேருக்கு மேல். சிலருக்கு பி.சி.ஜி., சிலருக்கு வெறும் ஊசி. 1979-ல் வெளியான முடிவு உலகத்தையே திகைக்க வைத்தது. நுரையீரல் காசநோயை ஊசி தடுக்கவே இல்லை! பிரிட்டன் பள்ளிப் பிள்ளைகளிடமோ பி.சி.ஜி. அருமையாக வேலை செய்திருந்தது.

ஏன்? நம்மூர் மண்ணிலும் தண்ணீரிலும் காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட சொந்தங்கள் ஏராளம். உடம்பு அவற்றோடு முன்பே பழகிவிட்டதால் ஊசிக்குப் புதிதாகச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை என்பது ஒரு விளக்கம்.

இங்கேதான் மரபணு ஆராய்ச்சி நுழைகிறது. உடம்பின் எல்லா செல்லிலும் ஏறக்குறைய ஒரே மரபணுத் தொகுப்புதான். எது எப்போது திறக்கிறது என்பதில்தான் சூட்சுமம். டி.என்.ஏ. நூல்கண்டு மாதிரி புரதங்களில் சுற்றியிருக்கிறது. அந்தப் புரதங்களில் ஒட்டும் ரசாயனக் குறிகள், எந்த மரபணு சட்டென்று விழிக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. 2012-ல் நெதர்லாந்தில் மிஹாய் நேட்டியா குழுவினர், பி.சி.ஜி. போட்டவர்களின் வெள்ளணுக்களில் இந்தக் குறிகள் மாறியிருப்பதைக் கண்டார்கள். மூன்று மாதம் கழித்தும் அந்த அணுக்கள் சம்பந்தமில்லாத கிருமிகளிடமும் கூடுதல் வேகம் காட்டின. அவை ரத்தத்தில் சில நாட்களே வாழ்பவை. பிறகு நினைவு எங்கே தங்குகிறது? எலும்பு மஜ்ஜையின் தாய் செல்களில் என்று 2018-ல் எலிகளிடம் காட்டினார்கள்.

ஆக, ஊசிக்கு முன் உடம்பு எதையெல்லாம் சந்தித்தது என்பதும் கணக்கில் வருகிறது. ஓர் ஊரின் பலன் இன்னோர் ஊருக்கு அப்படியே பொருந்தாது. கோவிடுக்கும் பி.சி.ஜி. உதவும் என்று நம்பினார்கள். 2023-ல் வெளியான பெரிய சோதனையில் பலிக்கவில்லை.

அதற்காக ஊசி வீண் என்று நினைத்துவிடாதீர்கள். கைக்குழந்தைகளைக் காசநோய் மூளைக்காய்ச்சலிலிருந்து அது காக்கிறது. இன்னொன்று: பி.சி.ஜி. போட்ட பிள்ளைக்கு இங்கே தோல் பரிசோதனையில் தடித்தால் பதறவும் வேண்டாம், "ஊசியால்தான்" என்று அலட்சியமும் வேண்டாம். ரத்தப் பரிசோதனை கேளுங்கள். பி.சி.ஜி. அதைக் குழப்பாது.