சில ஆண்டுகள் தள்ளிப் பிறந்திருந்தால்

சென்ற மாதம் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் வழியாகக் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலுக்குப் போயிருந்தோம். திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தில் ஓர் இளைஞனோடு பேச்சுக் கொடுத்தேன். அங்குள்ள இலங்கைத் தமிழர் முகாமிலேயே பிறந்து வளர்ந்தவன். பொறியியல் முடித்துவிட்டுப் பெயின்ட் வேலைக்குப் போகிறான். "பாஸ்போர்ட் கிடையாது ஐயா. கவர்மென்ட் வேலைக்கும் எழுத முடியாது" என்றான். பேச்சில் அசல் விழுப்புரம் வாடை.

நம்முடையது ஆட்களை அனுப்பிய மாவட்டம். பழைய தென்னார்க்காட்டிலிருந்து நெட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்கள் பலர். அவர்களின் சந்ததி இன்று தென்னாப்பிரிக்கக் குடிமக்கள். தமிழகத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் விதி வேறு. 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை.

1983 கலவரத்துக்குப் பின் படகேறி வந்தவர்களில் யாழ்ப்பாணம், வன்னிக்காரர்களோடு இந்த மலையகத்தாரும் உண்டு. தாத்தாவின் ஊருக்கே அகதியாக வந்தவர்கள்!

நம் சட்டப்படி 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். பின்னால் பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். உரிய ஆவணமின்றி வந்தவர்கள் மனுச் செய்யும் வழியையும் 2003 திருத்தம் அடைத்தது. 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்கு வழிவிட்டது. அதில் இலங்கை இல்லை. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்மணி நீதிமன்றம் போய்ப் பாஸ்போர்ட் பெற்று, 2024 தேர்தலில் முதல்முறையாக வாக்களித்தார். சில ஆண்டுகள் தள்ளிப் பிறந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

"கதவைத் திறந்தால் எல்லோரும் வந்துவிடுவார்களே" என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். புதிதாக யாரையும் அழைக்கச் சொல்லவில்லை. பல ஆண்டுகளாக அரசே பதிவேட்டில் பெயர் வைத்து, மாதாமாதம் பணம் கொடுத்துவரும் குடும்பங்களைப் பற்றித்தான் சொல்கிறேன். 2021-ல் தமிழக அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயரை மாற்றியது, நல்ல காரியம். ஆனால் குடியுரிமை டெல்லியின் கையில். ஊர் திரும்ப விரும்புவோர் கௌரவமாகத் திரும்பட்டும். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் மனுப் போடவாவது ஒரு வழி வேண்டும்.

அந்தப் பையனுக்குத் தெரிந்த ஊர் இது ஒன்றுதான்.