வானிலை போட்ட கடல்பாதை

முன்னுரை

ரயிலுக்குத் தண்டவாளம் உண்டு, பேருந்துக்குச் சாலை உண்டு. கடலில் செல்லும் கப்பலுக்கு அப்படி எதுவும் இல்லை, நினைத்த பக்கம் திருப்பிக்கொண்டு போகலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மை வேறு. பெரிய பயணிகள் கப்பல்கள் கண்ணுக்குத் தெரியாத பாதைகளில்தான் செல்கின்றன. காற்று, நீரோட்டம், மூடுபனி, பனிப்பாறை, புயல் ஆகியவையே அந்தப் பாதைகளைத் தீர்மானிக்கின்றன. இந்தப் பாடத்தை மனிதன் எளிதில் கற்றுக்கொள்ளவில்லை. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே உள்ள வட அட்லாண்டிக் கடலின் வரலாறே அதற்குச் சாட்சி.

தபால் கப்பல் ஏன் தாமதம்?

1760களின் இறுதியில் இங்கிலாந்து அதிகாரிகளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. இங்கிலாந்திலிருந்து நியூயார்க் செல்லும் தபால் கப்பல்கள், அதே திசையில் செல்லும் சரக்குக் கப்பல்களைவிட ஏறக்குறைய இரண்டு வாரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. அமெரிக்கக் குடியேற்றங்களின் தபால் துறையைக் கவனித்துவந்த பெஞ்சமின் பிராங்க்ளின் அப்போது லண்டனில் இருந்தார். அவர் தன் உறவினரான திமோதி ஃபோல்ஜர் என்ற கப்பல் தலைவரிடம் காரணம் கேட்டார்.

திமிங்கல வேட்டைக்காரர்களுக்குக் காரணம் நன்றாகவே தெரிந்திருந்தது. கல்ஃப் ஸ்ட்ரீம் என்னும் வெப்ப நீரோட்டம் அமெரிக்கக் கரையிலிருந்து கிழக்கே பாய்கிறது. தபால் கப்பல்கள் அதை எதிர்த்தே நாள்கணக்கில் போராடிக்கொண்டிருந்தன. நீரோட்டத்தைக் குறுக்கே கடந்துவிட்டால் போதும் என்று வேட்டைக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். மீனவர்கள் சொல்லியா நாம் கேட்பது என்று ஆங்கிலேயத் தலைவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை! பிராங்க்ளின் அந்த நீரோட்டத்தை வரைபடமாகவே அச்சிட்டார். அப்போதும் அதை மதித்தவர்கள் குறைவு.

பழைய குறிப்பேடுகளில் கிடைத்த வழி

அடுத்த பெரிய முயற்சி மேத்யூ மோரி என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரியுடையது. 1839ல் ஒரு குதிரைவண்டி விபத்தில் இவருடைய கால் ஒடிந்தது. அதன்பின் கப்பல் வேலைக்குப் போக முடியவில்லை. 1842ல் வாஷிங்டனில் கடற்படையின் வரைபடக் கிடங்குப் பொறுப்பு கிடைத்தது. அங்கே பழைய கப்பல்களின் தினசரிக் குறிப்பேடுகள் குவிந்து கிடந்தன. எந்த மாதம், எந்த இடத்தில், எந்தத் திசையில் காற்று வீசியது என்று மாலுமிகள் அவற்றில் எழுதி வைத்திருந்தார்கள்.

மோரி அவற்றைத் தொகுத்து, 1847ல் வட அட்லாண்டிக்கின் காற்று, நீரோட்ட வரைபடத்தை வெளியிட்டார். அடுத்த ஆண்டே ஒரு கப்பல் அதைப் பின்பற்றி, பால்டிமோரிலிருந்து பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவுக்குச் சென்றது. வழக்கமாக 55 நாள் ஆகும் பயணம் 38 நாளில் முடிந்தது. பாய்மரமும் மாலுமிகளும் பழையவைதான். மாறியது பாதை மட்டுமே.

மூடுபனியும் ஆர்க்டிக் கப்பலும்

நீராவி எந்திரம் வந்ததும் இனி காற்றை நம்ப வேண்டாம் என்ற எண்ணம் பரவியது. குறித்த நாளில் போய்ச் சேர்வதே பெருமை என்று கம்பெனிகள் போட்டி போட்டன. ஓர் உருண்டையில் லிவர்பூலையும் நியூயார்க்கையும் நூலால் இணைத்துப் பார்த்தால், மிகக் குறுகிய வழி கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தை ஒட்டிச் செல்வது தெரியும். அங்கேதான் லாப்ரடார் குளிர் நீரோட்டமும் கல்ஃப் ஸ்ட்ரீமும் சந்திக்கின்றன. அதனால் அடர்ந்த மூடுபனி சூழ்கிறது. வசந்த காலத்தில் பனிப்பாறைகளும் வந்து சேர்கின்றன.

1854 செப்டம்பர் 27 அன்று 'ஆர்க்டிக்' என்ற அமெரிக்கக் கப்பல் அந்த மூடுபனியில் வேகத்தைக் குறைக்காமல் சென்று, 'வெஸ்டா' என்ற பிரெஞ்சுக் கப்பலில் மோதி மூழ்கியது. சுமார் 400 பேரில் 100 பேர்கூடப் பிழைக்கவில்லை. பிழைத்தவர்களில் ஒரு பெண்ணோ ஒரு குழந்தையோ இல்லை.

மறு ஆண்டே மோரி ஒரு யோசனை சொன்னார். கிழக்கே செல்லும் கப்பல்களுக்கு ஒரு பாதை, மேற்கே செல்பவற்றுக்கு வேறு பாதை. அருமையான யோசனை! ஆனால் பெரிய கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து பாதைகளை ஒப்புக்கொள்ள 1898 ஆகிவிட்டது.

குளிர்காலம் தந்த உல்லாசப் பயணம்

இதற்கிடையில் வானிலை ஒரு புதிய தொழிலையே உருவாக்கியது. குளிர்காலத்தில் அட்லாண்டிக் கொந்தளிக்கும், பயணிகள் வரமாட்டார்கள். விலை உயர்ந்த கப்பல்கள் வேலையின்றி நிற்கும். ஜெர்மனியின் ஹம்பர்க் அமெரிக்கா கம்பெனியில் இருந்த ஆல்பர்ட் பாலின், கப்பலை வெயில் இருக்கும் இடத்துக்கு அனுப்பினால் என்ன என்று யோசித்தார். 1891 ஜனவரி 22 அன்று 'அகஸ்டா விக்டோரியா' 241 பேருடன் மத்தியதரைக் கடலுக்குப் புறப்பட்டது. சுமார் இரண்டு மாதச் சுற்றுலா அது. இன்றைய உல்லாசக் கப்பல் பயணத்தின் தொடக்கமாக இதைத்தான் பலரும் குறிப்பிடுகிறார்கள்.

சரியான பாதையில் சென்ற டைட்டானிக்

டைட்டானிக் தவறான பாதையில் சென்றது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1898 ஒப்பந்தப்படி, ஜனவரி நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை கப்பல்கள் பனிப்பாறைக்கு விலகித் தெற்குப் பாதையில் செல்ல வேண்டும். 1912 ஏப்ரலில் டைட்டானிக் அந்தப் பாதையில்தான் சென்றது. ஆனால் அந்த ஆண்டு பனி வழக்கத்தைவிடத் தெற்கே இறங்கியிருந்தது. பாதை தேதியைப் பார்த்துப் போடப்பட்டது. பனிக்குத் தேதி தெரியுமா?

வானொலியில் பல எச்சரிக்கைகள் வந்தும், தெளிந்த வானிலையில் வேகத்தைக் குறைக்காமல் செல்வதே அன்றைய தலைவர்களின் வழக்கமாக இருந்தது. அன்றிரவு நிலா இல்லை, கடலும் அலையின்றி அமைதியாகக் கிடந்தது. அலை அடித்தால் பனிப்பாறையின் அடியில் வெண்நுரை தெரியும், அன்று அதுவும் இல்லை. நல்ல வானிலையே எமனாக வந்தது! 1500 பேருக்கு மேல் மாண்டனர்.

அதன்பின் பாதைகள் இன்னும் தெற்கே தள்ளப்பட்டன. 1914ல் லண்டனில் கடல் உயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது, சர்வதேசப் பனி ரோந்தும் அமைந்தது. பனி எதுவரை வந்திருக்கிறது என்று இந்த ரோந்து இன்றும் அறிவிக்கிறது. அந்த எல்லையை மதித்துச் சென்ற எந்தக் கப்பலிலும் பனிப்பாறை மோதி உயிர்ச்சேதம் நேர்ந்ததில்லை.

ராட்சத அலைகள்

பனிக்கு வழி கண்டாயிற்று, புயல் மிச்சமிருந்தது. 1952ல் 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' கப்பல் 3 நாள் 10 மணி 40 நிமிடத்தில் அட்லாண்டிக்கைக் கடந்து சாதனை படைத்தது. ஆனால் வேகம் எல்லாவற்றுக்கும் மருந்தாகவில்லை. 1966 ஏப்ரலில் நியூயார்க் சென்ற இத்தாலியின் 'மைக்கேலாஞ்சலோ'வை ஒரு பேரலை தாக்கி, முன்பக்கத்தைப் பிளந்து மூன்று பேரைக் கொன்றது.

1995 செப்டம்பரில் 'குயின் எலிசபெத் 2' கப்பல் லூயிஸ் சூறாவளிக்கு விலகப் பாதையை மாற்றியும் முழுதாகத் தப்ப முடியவில்லை. சுமார் 29 மீட்டர் அலை ஒன்று, தலைவர் நிற்கும் மேல்தளத்தின் உயரத்துக்கு எழுந்து வந்தது. கப்பல் தாக்குப்பிடித்துக் கரை சேர்ந்தது.

இன்றைய நிலை

இன்று செயற்கைக்கோள் படங்கள் வருகின்றன. வெப்பமண்டலக் கடலில் சூறாவளி பெரும்பாலும் மணிக்கு 15 முதல் 25 கிலோமீட்டர் வேகத்தில்தான் நகரும். உல்லாசக் கப்பல் 35 கிலோமீட்டருக்கு மேல் செல்லும். ஆகவே விலகி ஓடிவிடலாம். அதற்கு விலையாக ஒரு துறைமுகம் விடுபடும், அல்லது கடலில் ஒரு நாள் கூடும். அடுக்குமாடி போல் உயர்ந்த கப்பலைக் காற்று பக்கவாட்டில் தள்ளுவதால், மழையே இல்லாத நாளில்கூடத் துறைமுகத்தில் நுழைய முடியாமல் போவதுண்டு.

2019 மார்ச் 23 அன்று 'வைகிங் ஸ்கை' 1373 பேருடன் நார்வே கரையோரம் புயலில் சென்றது. ஒரு துறைமுகத்தை ஏற்கெனவே வானிலை காரணமாகக் கைவிட்டிருந்தது. எந்திரங்களுக்கான உயவு எண்ணெய் குறைவாக இருந்த நிலையில் கப்பல் ஆட ஆட, எந்திரங்கள் நின்றன. பாறைகள் பக்கத்திலேயே இருந்தன. ஹெலிகாப்டர்கள் 479 பேரைத் தூக்கிச் சென்றன. மறுநாள் கப்பல் கரை சேர்ந்தது, யாரும் சாகவில்லை.

முடிவுரை

பார்க்க நினைத்த ஊரைக் கப்பல் தாண்டிப் போய்விட்டால் பயணிகளுக்குக் கோபம் வருவது இயல்பு. காசு கொடுத்தவர்களுக்கு அந்த வருத்தம் நியாயமானதும்கூட. ஆனால் பாதையை மாற்றலாம், தாமதமாகலாம் என்ற உரிமை கப்பல் தலைவருக்குச் சும்மா கிடைக்கவில்லை. ஆர்க்டிக்கிலும் டைட்டானிக்கிலும் இறந்தவர்கள் அதற்கு விலை கொடுத்திருக்கிறார்கள். கால அட்டவணையை மனிதன் எழுதலாம். அதைத் திருத்தும் உரிமை கடலிடமே இருக்கிறது.