வாங்குமுன் வாசித்தவர்கள்

கல்லூரியில் பயின்ற நாள்களில் நாம் நாள்தோறும் கடந்து சென்ற இசைக்கருவிக் கடையொன்றில், கண்ணாடி அலமாரிக்குள் சிவப்பு நிற மின்கிட்டார் ஒன்று நெடுங்காலம் தொங்கிக்கொண்டிருந்தது. அருகே 'தொடாதீர்கள்' என்றோர் அட்டை. ஒருநாள் துணிவை வரவழைத்துக்கொண்டு, சற்று எடுத்துக் காட்ட இயலுமா என்று வினவினோம். "வாங்குவதாயிருந்தால் எடுக்கிறேன்" என்றார் கடைக்காரர். வாசித்துப் பாராமல் வாங்குவது எங்ஙனம், வாங்காமல் வாசிப்பது எங்ஙனம் என்னும் அச்சுழலுக்கு விடை காணாமலேயே வெளியேறினோம். இன்றுவரை நாம் கிட்டார் கற்கவில்லை, கேட்பவராகவே நின்றுவிட்டோம். ஆயினும் அக்கருவியின் வரலாற்றைப் படிக்குந்தோறும் அந்த அட்டை நினைவில் எழாமல் இருப்பதில்லை.

மின்கிட்டாரின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஆலைகளின் வரலாற்றையே எழுதுகின்றனர். மடியில் கிடத்தி வாசிக்கும் ரிக்கன்பேக்கர் 1932இல் விற்பனைக்கு வந்தது; கிப்சனின் இ.எஸ்.150 1936இல் வந்தது. ஃபெண்டரின் திண்ணுடல் கிட்டார் 1950இல் வந்தது. கிப்சன் லெஸ் பால் 1952இல் வந்தது என்று ஆண்டுகள் அடுக்கப்படும். பிறகு மேடையில் நின்ற பெருங்கலைஞர்களின் பெயர்கள் வரும். ஆலைக்கும் மேடைக்கும் இடையே ஒரு கடை இருந்தது. அக்கடையில் காசில்லாத இளைஞன் ஒருவன் நாற்காலியில் அமர்ந்து, தனதல்லாத கருவியை மடியில் வைத்து ஒரு மணி நேரம் வாசித்துக்கொண்டிருந்தான். அவன் வாங்கினானோ இல்லையோ, அந்த ஒரு மணி நேரமே மின்கிட்டாரை இன்றுள்ள மின்கிட்டாராக ஆக்கியது என்பது நம் துணிபு.

கையில் எடுத்துப் பாராமல் மின்கிட்டாரை ஏன் அறிய முடியாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மரம் உயிரோட்டம் உடையது. ஒரே ஆலையில் ஒரே நாளில் செய்யப்பட்ட இரண்டு கிட்டார்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. கழுத்தின் பருமன் ஒருவர் உள்ளங்கைக்குப் பொருந்தும், மற்றொருவர்க்குப் பொருந்தாது. தந்திக்கும் மெட்டுக்கும் உள்ள இடைவெளி அரை மில்லிமீட்டர் கூடினாலும் விரல் நோகும். குறைந்தாலோ தந்தி மெட்டில் உரசி இரையும். கழுத்தை ஒரு கண்ணால் நோக்கினால் வளைவு தெரியும். பன்னிரண்டாம் மெட்டில் அழுத்திய சுரம் திறந்த தந்தியின் சுரத்தோடு மேல் ஸ்தாயியில் சரியாக ஒன்றுகிறதா என்பதைக் காது சொல்லும். அனுபவமுடையோர் மின்னிணைப்புக் கொடாமல்தான் முதலில் வாசித்துப் பார்ப்பர். பெரிய ஆம்ப்ளிஃபயர் எந்தக் குறையையும் மறைத்துவிட வல்லது. கடைக்காரர்களும் இதனை அறிவர் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் மாதவி யாழைக் கோவலன் கையில் கொடுக்குமுன் அதன் உறுப்புகளையும் நரம்புகளையும் முறையாக ஆராய்ந்து திருத்தும் காட்சியை மாணவர்க்கு விளக்கும்போதெல்லாம், கருவியைச் சோதித்தல் இசையின் முன்னுரை அன்று, இசையின் ஒரு பகுதியே என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

இனி கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகருக்குச் செல்வோம். அங்கு 1938இல் லியோ ஃபெண்டர் வானொலி பழுதுபார்க்கும் கடை ஒன்றைத் திறந்தார். கணக்கியல் பயின்றவர், கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். வட்டாரத்து இசைஞர் பழுதுபட்ட ஆம்ப்ளிஃபயர்களை அவரிடம் கொண்டுவந்தனர். 1943இல் அவரும் அவர் கூட்டாளி டாக் காஃப்மனும் தாம் செய்த பிக்கப் ஒன்றைச் சோதிப்பதற்காக மட்டும், ஒரு மரக்கட்டையில் கிட்டார் போன்ற ஒன்றைச் செய்தனர். அது விற்பனைக்கன்று, பார்வைக்கும் அழகன்று. ஆனால் அதனை வாசித்துப் பார்த்தோர் விடவில்லை. இரவு நிகழ்ச்சிக்கு இரவல் தாருங்கள் என்று கேட்டு வாங்கிச் சென்றனர். அடுத்தடுத்துக் கேட்போர் காத்துக்கிடந்தனர். திண்ணுடல் கிட்டாருக்குச் சந்தை உண்டு என்பதை லியோ ஃபெண்டர் அறிந்தது எந்த ஆய்வறிக்கையாலும் அன்று. இரவல் கேட்டு வந்த கைகளாலேயே.

அந்தப் பாடத்தை அவர் மறக்கவில்லை. 1950க்கு முன்னும் பின்னும் புதிய மாதிரிகளை லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்து இசைஞர்களிடம் கொடுத்து வாசிக்கச் செய்து, அவர்கள் குறை சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கிட்டாரின் கூரிய விளிம்பு விலாவில் குத்துகிறது என்று அவர்கள் முறையிட்டனர். அம்முறையீட்டின் விளைவே 1954இல் வெளிவந்த ஸ்ட்ராடோகாஸ்டரின் குழிந்த, வளைந்த உடல். அவ்வளைவு யார் சொல்லி வந்தது என்பதில் ரெக்ஸ் காலியன், பில் கார்சன் என்று இரு பெயர்கள் சொல்லப்படுகின்றன. யாராயினும் ஆகுக; வாசித்தவர் ஒருவர் சொன்னது, வாசிக்கத் தெரியாதவர் கேட்டுக்கொண்டது என்பதே நாம் கருதத்தக்கது. 1950இல் முதலில் வந்த எஸ்குவயர் கிட்டார்களின் கழுத்தில் வளைவைத் தடுக்கும் இரும்புக் கம்பி இல்லை. கழுத்துகள் வளைந்தன. விற்பனைத் தரப்பினர் வற்புறுத்தவே அக்கம்பி சேர்க்கப்பட்டது. கடைகளில் தொங்கிய கிட்டார், வாங்குவோர் கைக்குச் சென்று பின் ஆலைக்குத் திரும்பிய முறையீடாக மாறிய கதை இது.

அட்லாண்டிக்கிற்கு அப்பால் நிலைமை வேறு. டாலர் தட்டுப்பாட்டால் பிரிட்டன் 1951 முதல் 1959 வரை அமெரிக்க இசைக்கருவிகளின் இறக்குமதியைத் தடை செய்திருந்தது. அக்காலத்து ஆங்கிலேய இளைஞர்கள் ஃபெண்டரை இசைத்தட்டில் கேட்டனர், படத்தில் பார்த்தனர், தொட்டாரில்லை. இதனால் நேர்ந்த வேடிக்கை ஒன்றைச் சொல்ல வேண்டும். 1959இல் கிளிஃப் ரிச்சர்டும் அவர் குழுவின் கிட்டார் கலைஞர் ஹாங்க் மார்வினும் அமெரிக்காவிலிருந்து ஒரு ஃபெண்டரைத் தருவிக்க எண்ணினர். ரிக்கி நெல்சனின் பாடல்களில் ஜேம்ஸ் பர்ட்டன் வாசிப்பது ஃபெண்டர் என்று அறிந்திருந்தனர். எந்த ஃபெண்டர் என்று அறியார். விலைப்பட்டியலைப் புரட்டி, அவ்வளவு பெரிய கலைஞர் விலை மிகுந்ததைத்தானே வைத்திருப்பார் என்று கருதி, சிவப்பு ஸ்ட்ராடோகாஸ்டருக்கு எழுதிப் போட்டனர். பர்ட்டன் வாசித்ததோ டெலிகாஸ்டர்! அந்தப் பிழையான கிட்டாரில்தான் 1960இல் 'அப்பாச்சி' பிறந்தது. ஒரு தலைமுறைப் பிரிட்டானியச் சிறுவர்கள் கடை வாயிலில் சிவப்பு ஸ்ட்ராடோகாஸ்டரைத் தேடி நின்றனர். நம் துணிபுக்கு இச்செய்தி மாறாக நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறோம். வாசித்துப் பாராமல் வாங்கியதிலும் சில வேளை வரலாறு நேர்ந்துவிடுகிறது.

ஆனால் எல்லார்க்கும் அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. லிவர்பூலின் ஸ்டான்லி தெருவில் ஃபிராங்க் ஹெஸ்ஸியின் கடை இருந்தது. கருவிகளைத் தவணைக்குக் கொடுக்கும் கடை. ஜிம் கிரெட்டி என்னும் விற்பனையாளர், கிட்டார் வாங்கியோர்க்குப் பாடமும் சொல்லிக்கொடுத்தார். அஞ்சல் வழியாகத் தருவித்த மலிவுக் கிட்டாரில் கற்றுக்கொண்ட ஜான் லெனன், 1959இல் அங்கு ஹோஃப்னர் கிளப் 40 வாங்கினார். அவ்வாண்டின் இறுதியில் ஜார்ஜ் ஹாரிசன் ஃப்யூச்சுராமா வாங்கினார். அது செக்கோஸ்லோவாக்கியாவில் செய்யப்பட்டது. தொலைவிலிருந்து பார்த்தால் ஸ்ட்ராடோகாஸ்டர் போலத் தோன்றும். தந்திகள் மெட்டுக்கு மேல் மிக உயர்ந்து நின்றன; வாசிப்பது பெரும்பாடு என்று ஹாரிசனே பின்னாளில் கூறியிருக்கிறார். அப்படியானால் கடையிலேயே அதை அறியவில்லையா என்று கேட்கத் தோன்றும். அறிந்திருப்பார், ஆனால் அன்று கை சொன்னதைக் கண் கேட்கவில்லை. பதினாறு வயதில் நாமும் அதைத்தான் செய்திருப்போம். பின்னர் 1961இல் அவர் கிரெட்ச் ஒன்றைப் பெற்றார். அது நியூயார்க்கிலிருந்து கப்பல் பணியாளர் ஒருவர் கொண்டுவந்த பழைய கருவி. தவணை நிலுவைகளை மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் தீர்த்துவைத்தார் என்பர்.

இடக்கைப் பழக்கமுடையோர் நிலை இன்னும் கடினம். கடைச் சுவரில் தொங்கியவை அனைத்தும் வலக்கையார்க்கானவை. பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க் ஸ்டைன்வே கடையில் ஹோஃப்னர் பேஸ் கிட்டாரைத் தேர்ந்தமைக்கு ஒரு காரணம், இருபுறமும் ஒத்த வடிவுடைய அது தலைகீழாகப் பிடித்தாலும் விகாரமாகத் தோன்றாது என்பது. 1959இல் சியாட்டிலில் தந்தை வாங்கித் தந்த சூப்ரோ கிட்டாரை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் திருப்பிப் பிடித்தே வாசித்தார்; பிற்காலத்து ஸ்ட்ராடோகாஸ்டர்களையும் அவ்வாறே.

இவ்விடத்தில் கடையைப் போற்றுவதைச் சற்று நிறுத்திக்கொள்ள வேண்டும். கடையின் நாற்காலி எல்லார்க்கும் இடப்பட்டதன்று. நிறவெறி நிலவிய அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பின வாடிக்கையாளர் கடை முகப்பில் பட்ட அவமதிப்பு நூல்களில் பதிவாகியிருக்கிறது. சியர்ஸ் ரோபக் நிறுவனத்தின் விலைப்பட்டியல் அவர்களுக்கு வேறு வழி காட்டியது. பணத்தை அனுப்பினால் யார் வாங்குகிறார் என்று பட்டியல் கேட்பதில்லை. சியர்ஸ் விற்ற சில்வர்டோன் கிட்டார்களில் ஒன்றின் பெட்டிக்குள்ளேயே 1962 முதல் சிறு ஆம்ப்ளிஃபயரும் இருந்தது. பெண்களும் கடைகளில் நெடுங்காலம் வேடிக்கைப் பொருளாகவே நோக்கப்பட்டனர். ஜோன் ஜெட் சிறுமியாக முதலில் பெற்றது கிறிஸ்துமஸ் பரிசாக வந்த சில்வர்டோன். பெண்கள் ராக் வாசிப்பதில்லை என்று ஆசிரியர் ஒருவர் சொன்னதை அவரே பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஆகவே 'தொட்டுப் பார்த்தே வாங்கு' என்னும் அறிவுரை, தொட அனுமதிக்கப்பட்டவர்க்கே உரியதாக இருந்தது.

இலண்டனிலும் வேறு வகையான ஏளனம் உண்டு. 1960இல் ஹான்வெல் பகுதியின் அக்ஸ்பிரிட்ஜ் சாலையில் டிரம்ஸ் ஆசிரியரான ஜிம் மார்ஷல் கடை திறந்தார். அவரது மாணவர்களோடு அவர்கள் குழுக்களின் கிட்டார்க்காரர்களும் வந்தனர். நகரின் நடுவேயுள்ள பெரிய கடைகள் ராக் இசைஞரை முட்டாளாக நடத்துகின்றன. நீங்கள் ஏன் கிட்டாரும் விற்கக் கூடாது என்றனர். வந்தோரில் பீட் டவுன்ஷெண்டும் ரிச்சி பிளாக்மோரும் இருந்தனர். அவர்கள் கேட்ட ஒலி அன்று கிடைத்த ஆம்ப்ளிஃபயர்களில் இல்லை. அமெரிக்கக் கருவியோ எளிதில் வாங்கும் விலையில் இல்லை. மார்ஷலும் பழுதுபார்ப்பவரான கென் பிரானும் நண்பர்களும் ஃபெண்டர் பேஸ்மனை அடிப்படையாகக் கொண்டு 1962இல் தம் முதல் ஆம்ப்ளிஃபயரைச் செய்தனர். ராக் இசையின் பேரோசை, வாடிக்கையாளர் குறையைக் காது கொடுத்துக் கேட்ட ஒரு புறநகர்க் கடையில் தொடங்கியது.

அதன் தொடர்ச்சிதான் நமக்கு மிக வியப்பளிப்பது. கிப்சன் நிறுவனம் 1958 முதல் 1960 வரை செய்த லெஸ் பால் ஸ்டாண்டர்டு கிட்டார்கள் விலைபோகவில்லை. கனமானவை, பழம்பாணி என்று கருதப்பட்டன. நிறுவனம் அவ்வடிவைக் கைவிட்டது. ஆலையின் தீர்ப்பு அவ்வளவே. ஆனால் கைவிடப்பட்டவை பழைய பொருளாக இலண்டன் சேரிங் கிராஸ் சாலைக் கடைகளில் தொங்கின. 1965இல் எரிக் கிளாப்டன் அப்படியொன்றை வாங்கினார். மார்ஷலின் ஆம்ப்ளிஃபயரை இயல்பாகப் பயன்படுத்தாமல் மிக உரத்து வைத்து, 1966இல் ஜான் மேயலுடன் இசைத்தட்டுப் பதிவு செய்தார். சேத் லவர் வடிவமைத்த, இரைச்சலைக் குறைக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்பின் தடித்த ஒலியும், அந்த ஆம்ப்ளிஃபயரின் உடைந்த ஒலியும் கலந்து பிறந்ததை ஆலையில் யாரும் திட்டமிடவில்லை. இளைஞர்கள் அதே கிட்டாரைக் கடைகளில் கேட்கத் தொடங்கினர். 1968இல் கிப்சன் லெஸ் பாலை மீண்டும் செய்தது. பொறியாளர்கள் கைவிட்டதை ஒரு பழம்பொருள் கடையின் சுவர் காப்பாற்றியது என்றால் மிகையன்று. கிளாப்டனின் அந்தக் கிட்டார் மட்டும் 1966இல் களவு போயிற்று, இன்னும் மீளவில்லை.

கடைகளின் பிற்காலம் விரைவாகச் சொல்லத்தக்கது. நியூயார்க் மேற்கு 48ஆம் தெருவில் 1935 முதல் இயங்கிய மேன்னிஸ் கடையின் சுவர் முழுதும் வாடிக்கையாளராக வந்த கலைஞர்களின் படங்கள் தொங்கின. ஹெண்ட்ரிக்ஸ் அங்குப் பல கிட்டார்கள் வாங்கினார். அது 2009இல் மூடப்பட்டது. ஹெஸ்ஸி கடை 1995இலேயே மூடியிருந்தது. அமெரிக்கா எங்கும் கிளை பரப்பிய சாம் ஆஷ் 2024இல் எல்லாக் கடைகளையும் மூடியது. 1992இல் வெளிவந்த 'வேய்ன்ஸ் வேர்ல்டு' திரைப்படத்தில் கடைக்கு வந்தவன் ஒரு புகழ்பெற்ற பாடலை வாசிக்கத் தொடங்கியதும் கடைக்காரர் தடைப் பலகையைச் சுட்டிக்காட்டுவார். நகைச்சுவைதான், ஆனால் எத்தனை கைகள் அங்கே அதை வாசித்திருந்தால் அப்பலகை தேவைப்பட்டிருக்கும்! பிரிட்டனில் இப்போது இணையத்தில் வாங்கிய கருவியைப் பெரும்பாலும் பதினான்கு நாள்களுக்குள் திருப்பிவிடலாம். கடையின் நாற்காலி வீட்டின் கூடத்துக்கு வந்துவிட்டது. முன்பணம் கட்டியபின் என்பது மட்டுமே வேறுபாடு. இலண்டன் டென்மார்க் தெருவிலோ சில கடைகள் இன்னும் திறந்திருக்கின்றன. அங்குச் செல்லும் வாய்ப்புள்ள அன்பர்கள் ஒன்றை இறக்கித் தரச் சொல்லி, மின்னிணைப்பின்றி முதலில் வாசித்துப் பாருங்கள். நம்மைப் போல் வாசிக்கத் தெரியாதவராயின் கழுத்தையாவது ஒருமுறை பிடித்துப் பாருங்கள். அத்தெருவின் ஒலிப்பதிவுக் கூடங்களைப் பற்றிப் பிறிதொரு சமயம் எழுத எண்ணியுள்ளோம்.